ஊரடங்கில் அடங்கிய இளைப்பு: பெற்றோர் இன்னும் விடாத தவறுகள்

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் கொரோனா என்ன செய்யுமோ என்பதுதான் எல்லோருடைய பயமும். நடந்ததோ நேர்மாறு. மாதம் தவறாமல் நெபுலைசருக்கு (மருந்தை ஆவிபோல் ஆக்கித் தரும் கருவி) ஓடிய வீடுகளில்கூட அந்த ஆண்டு அமைதியாகக் கழிந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை கணக்கெடுத்தபோது, ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்கும் உள்நோயாளியாகவும் வந்த குழந்தைகள் 84 சதவீதம் குறைந்திருந்தார்கள். கொரோனாவுக்குப் பயந்து வராமல் இருந்திருப்பார்களோ என்றால், ஆஸ்துமாவுக்கு எழுதப்பட்ட ஸ்டீராய்டு மருந்துச் சீட்டுகளும் கூடவே சரிந்திருந்தன. அப்படியானால் இளைப்பே குறைந்திருக்கிறது.

காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் முதல் தவறு. 'வண்டிப் புகை இல்லை, காற்று சுத்தமாச்சு, அதான்' என்று பலர் முடிவு கட்டினார்கள். புகை ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது உண்மை. ஆனால் பிலடெல்பியாவில் காற்றின் மாசு பெரிதாக மாறவே இல்லை. குறைந்தது ரைனோ வைரஸ், அதாவது சாதாரணச் சளியைத் தரும் கிருமி. பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் இளைப்பில் பெரும்பகுதியை இழுத்துவருவது அதுதான். வகுப்பறை மூடியதும் அது பரவ வழியில்லாமல் போனது. மூச்சுக்குழாயின் உள் வீக்கமும், தொட்டால் சுருங்கும் அதன் சுபாவமும் அப்படியேதான் இருந்தன.

இது புரியாததால் வந்த இரண்டாவது தவறு, தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியது. நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது. வீக்கம் வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில், மெதுவாகத் திரும்பும். அதனால் 'நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கான்' என்று தோன்றும். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1, அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில், சளி மறுபடி பரவ ஏற்ற நேரத்தில். முகக்கவசமும் சானிடைசரும் காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. ஆல்கஹால் கொரோனாவைக் கொல்லும் அளவுக்கு ரைனோ வைரஸைக் கொல்லாது. ஆல்கஹால் கரைப்பது கிருமியின் கொழுப்பு உறையை, ரைனோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. ஹாங்காங்கில் 2020 இறுதியில் பள்ளிகள் திறந்தபோது, பிள்ளைகள் முகக்கவசத்தோடு உட்கார்ந்தும் சளி பரவி, மறுபடி வகுப்புகளை நிறுத்த வேண்டிவந்தது.

இன்றும் கோடை விடுமுறையில் இதே கதைதான். மே மாதம் நன்றாக இருக்கிறான் என்று இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிட்டு, ஜூனில் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மருந்தைக் குறைக்க முறை உண்டு: குறைந்தது 3 மாதம் அறிகுறி இல்லாமல் கட்டுக்குள் இருக்க வேண்டும், பிறகு மருத்துவர் அளவைக் கால்வாசியிலிருந்து பாதிவரை குறைப்பார், அடுத்த 3 மாதம் பார்ப்பார். பள்ளி திறக்கும் வாரமும் மழை தொடங்கும் வாரமும் அதற்கு ஏற்ற நேரம் அல்ல.

நிறுத்தாதவர்களும் ஒரு இடத்தில் ஏமாந்தார்கள்: காலி இன்ஹேலர். பல டப்பாக்களில் 200 பஃப் (ஒரு அழுத்துக்கு வரும் மருந்து ஒரு பஃப்) இருக்கும். காலை 2, இரவு 2 என்றால் சரியாக 50 நாள். அதன் பிறகும் அழுத்தினால் 'புஸ்' என்று வரும். வருவது உந்துவாயு மட்டும், மருந்து இருக்காது. குலுக்கிப் பார்ப்பதும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் வீண். எண்காட்டி இல்லாத டப்பாவாக இருந்தால், திறந்த தேதியையும் தீரும் தேதியையும் மார்க்கரால் அதன்மேலேயே எழுதிவிடுங்கள்.

வீடியோ அழைப்பில் மருத்துவரைப் பார்க்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். வசதிதான், ஆனால் பெரும்பாலும் மருந்தின் பெயரைப் பேசி முடித்துவிடுகிறார்கள், எடுக்கும் விதத்தை யாரும் பார்ப்பதில்லை. கேமரா முன்னால் ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் (மருந்தைப் பிடித்துவைத்து மூச்சோடு இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழல்) செருக வேண்டும். சிறு குழந்தை என்றால் மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரே ஒரு பஃப் அழுத்தி, 5 அல்லது 6 முறை சாதாரணமாக மூச்சு விடவைக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டு பஃபைச் சேர்த்து அழுத்தினால் மருந்துத் துளிகள் ஸ்பேசரிலேயே ஒட்டிக்கொள்ளும். அழுதுகொண்டிருக்கும்போது கொடுத்தால் பாதிக்கு மேல் வீண். ஸ்பேசரை மாதம் ஒருமுறையாவது பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் அலசிக் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஸ்பேசரை விட நெபுலைசர்தான் 'பவர்' என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை. லேசான, நடுத்தர இளைப்புக்கு ஸ்பேசர் சளைத்ததல்ல. கொரோனா காலத்தில் நெபுலைசர் புகை கிருமியைப் பரப்பும் என்று மருத்துவமனைகளே ஸ்பேசருக்கு மாறின.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம். சுருங்கிய மூச்சுக்குழாயை அது விரிக்காது. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்துதான் மிச்சம். கிருமி போகட்டும் என்று மூடிய அறையில் பிளீச்சிங் பவுடர் தெளிப்பது, சாம்பிராணி போடுவது, இரவு முழுக்கக் கொசுவத்தி ஏற்றுவது எல்லாமே இளைப்பை வரவழைக்கும்.

கடைசியாக, மருத்துவமனைக்குப் போகத் தயங்கி வீட்டிலேயே காத்திருப்பது. இளைப்பு வந்தால், மருத்துவர் எழுதித் தந்த அளவில் (வழக்கமாக 2 முதல் 4 பஃப்) சல்பூட்டமாலை (மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் இன்ஹேலர் மருந்து) ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள். தேவைப்பட்டால் 20 நிமிட இடைவெளியில், முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை வரை கொடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், அடங்கியும் சில மணி நேரத்தில் திரும்பினால், கிளம்பிவிடுங்கள். சட்டையைக் கழற்றிப் பாருங்கள்: விலா இடுக்கு உள்ளே இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுகிறதா, உதடு நீலம் பாய்கிறதா? அப்படியென்றால் மணி பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பஃப் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு 'விசில்' சத்தம் நின்றுபோனால் தேறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். சத்தம் எழும் அளவுக்குக்கூட காற்று உள்ளே போகவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.