ஹாம்லெட்டின் தனிமொழியைப் பேசிப் பழகுவது எப்படி?

நடிப்புப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் முதலில் பேசிக்காட்ட ஆசைப்படுவது, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இளவரசன் ஹாம்லெட் தனக்குத்தானே பேசும் 'டு பி ஆர் நாட் டு பி' (இருப்பதா, இல்லாமல் போவதா) பேச்சைத்தான். பாதிப் பேர் கையில் மண்டை ஓடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு விரலை வளைப்பார்கள். முதலில் அதைக் கீழே வையுங்கள். மண்டை ஓடு வருவது ஐந்தாம் அங்கத்தில், கல்லறைத் தோட்டத்தில். இந்தப் பேச்சு மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில் வருகிறது. மன்னன் கிளாடியஸும் அவனுடைய ஆலோசகர் பொலோனியஸும் மறைந்து நின்று ஒட்டுக்கேட்கிறார்கள். பக்கத்திலேயே ஹாம்லெட் காதலித்த ஒபீலியா புத்தகமும் கையுமாக இருக்கிறாள்.

அடுத்து ஒரு பென்சிலை எடுத்து, 'நான்', 'என்', 'எனக்கு' வரும் இடங்களையெல்லாம் கோடிடுங்கள். ஒபீலியாவைப் பார்க்கும் வரைக்கும் ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாமே 'நாம்', 'யார்' என்றுதான் போகிறது. செத்துப்போன அப்பா, அவசரமாக மறுமணம் செய்துகொண்ட அம்மா, யாரைப் பற்றியும் பேச்சில்லை. அதற்குப் பதில் அவன் அடுக்குவது என்ன? கொடுமைக்காரன் செய்யும் அநியாயம், திமிர் பிடித்தவனின் அவமதிப்பு, இழுத்தடிக்கும் வழக்கு, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆணவம். இளவரசனுக்கு எந்த வழக்கு இழுபட்டது? ஊரில் எல்லோரும் படும் பாட்டைச் சொல்கிறான். நானூறு வருஷமாக யார் கேட்டாலும் தன்னைப் பற்றிய பேச்சு மாதிரித் தோன்றுவதற்கு இதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் தொண்டை அடைக்க அழுது பேசாதீர்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு யோசிக்கிற மனுஷனாகப் பேசுங்கள்.

யோசனை திரும்பும் இடம் ஒன்று உண்டு. சாவது, தூங்குவது, தூங்கினால் ஒருவேளை கனவு வருமோ? அந்தக் 'கனவு'க்குப் பின்னால் மூச்சு விடுங்கள். சாவு ஓய்வுதான் என்ற நம்பிக்கை அங்கேதான் உடைகிறது. அதுவரை இருந்த வேகம் அதற்கப்புறம் இருக்கக் கூடாது.

முடிந்தால் 1603-இல் வந்த முதல் அச்சுப் பதிப்பையும் பாருங்கள். அதில் இதே பேச்சு குட்டையாக, வேறு சொற்களில், கதையில் இன்னும் முன்னாலேயே வந்துவிடுகிறது. 1948-இல் வந்த 'ஹாம்லெட்' படத்தில் ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியே இதைக் கடலோரப் பாறை உச்சிக்குக் கொண்டுபோனார். தமிழ் மேடைக்கு ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கித் தந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் சிவாஜி பேசுவதையும் பாருங்கள். ஆனால் யாரையும் நகல் எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். கைதட்டலுக்கு இடம் விட்டு முடிக்காதீர்கள். பேச்சு முடிவதில்லை, ஒபீலியா கண்ணில் பட்டதும் அறுந்துபோகிறது. எதிரே ஒருவரை நிற்க வைத்து, அவளிடம் அவன் சொல்லும் முதல் வரியையும் சேர்த்தே பழகுங்கள்.