அந்தரங்கத்தில் புதிதாக ஏதோ முளைத்திருக்கிறதா? எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்

தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பலர் சீட்டு போடும் இடத்தில் "அரிப்பு" என்று மட்டும்தான் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் போன பிறகுதான் "சின்னதா ஒரு கட்டி மாதிரி..." என்று இழுப்பார்கள். அதற்குள் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருக்கும், இல்லையென்றால் எதையோ தடவி அந்த இடமே புண்ணாகியிருக்கும். இந்த வேதனை யாருக்கும் தேவையில்லை.

முதலில் ஒன்று: முளைப்பதெல்லாம் நோய் இல்லை. ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி, 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவில், வரிசை கட்டி நிற்கும் பருக்கள் இயல்பானவை. லென்ஸில் பார்த்தால் எல்லாம் ஒரே அளவில், தனித்தனியாக, வழவழப்பாக இருக்கும். பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உள் உதட்டில் இரு பக்கமும் ஒரே மாதிரி மென்மையான சிறு முனைகள் இருக்கலாம். மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பிகள். இவை யாருக்கும் தொற்றாது, மருந்தும் வேண்டாம். ஆனால் "இது அதுதான்" என்று உறுதியாகத் தெரிய ஒரு தடவையாவது டாக்டர் பார்த்துவிடுவது நல்லது. ஃபோனில் படங்களை ஒப்பிட்டு முடிவு செய்தவர்கள், இயல்பானதை நோய் என்றும் நோயை இயல்பு என்றும் தவறாக நினைப்பதைப் பார்க்கிறேன்.

மரு வேறு மாதிரி வளரும். ஒரே அடியிலிருந்து பல முனைகள் கிளம்பி, காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். பெரும்பாலும் வலிக்காது. காரணம் ஹெச்பிவி என்ற, உடலுறவில் தோலோடு தோல் படும்போது ஒட்டும் வைரஸ். இந்த மருக்களில் ஏறக்குறைய 90 சதவீதம் அதன் 6, 11ஆம் வகைகளால் வருகின்றன. புற்றுநோயோடு அதிகம் தொடர்புடையவை 16, 18 என்ற வேறு வகைகள். "எனக்குக் கேன்சரா சிஸ்டர்?" என்று கை நடுங்கக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்னொன்று, வைரஸ் ஒட்டிப் பல வாரம், பல மாதம், சில சமயம் வருஷங்கள் கழித்தும் மரு தெரியலாம். அதனால் யார் யாருக்குக் கொடுத்தது என்று கணவன் மனைவி சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, எப்போது போவது? புதிதாக வந்த எதுவும் இரண்டு வாரத்தில் மறையவில்லை என்றால் காட்டுங்கள். சிலவற்றுக்கு அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது.

வலியே இல்லாத, அடி கெட்டியான ஒற்றைப் புண் அதில் முதலாவது. அது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயாக இருக்கலாம். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கலாம், ஆனால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். 3 முதல் 6 வாரத்தில் புண் தானாக ஆறிவிடும், நோய் மட்டும் உடம்புக்குள் இருக்கும். "ஆறிடுச்சே" என்று விட்டவர்கள் பிறகு உடம்பெல்லாம் தடிப்போடு வருவார்கள். இரத்தப் பரிசோதனையும் பென்சிலின் ஊசியும் போதும், குணமாகிவிடும். ஆரம்பத்தில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அதனால் திரும்ப எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

வலிக்கும் நீர்க்கொப்புளங்கள் என்றால் அவை உடைந்து காயும் முன்பே போங்கள். புதிதாக இருக்கும்போது மாதிரி எடுத்தால்தான் சரியாகத் தெரியும்.

இரத்தம் கசிவது, நிறம் மாறுவது, கெட்டிப்படுவது, வேகமாக வளர்வது, பின்னால் தள்ள முடியாத முன்தோலுக்கடியில் கட்டி தட்டுப்படுவது, வயதான பெண்களுக்கு வெள்ளைத் திட்டோடு விடாத அரிப்பு: இவற்றில் டாக்டர் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு அந்தப் பகுதி வீங்கி, வலி மணிக்கு மணி பரவினாலோ, தோல் கறுத்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிகள், எச்ஐவி உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சின்னதாக இருக்கும்போதே காட்டுங்கள். மருவுக்குத் தரும் சில மருந்துகளைக் கர்ப்பத்தில் தொடவே கூடாது.

குழந்தைக்கு அந்த இடத்தில் மரு வந்தால் தாமதமில்லாமல் போங்கள். கையிலிருக்கும் மருவிலிருந்து ஒட்டியிருக்கலாம், யாரோ தவறாக நடந்ததாலும் இருக்கலாம். குழந்தையை நீங்களே துருவித் துருவிக் கேட்காதீர்கள். அதைப் பதமாகக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

போவதற்கு முன் கை மருவுக்கும் கால் ஆணிக்கும் போடும் அமில மருந்தை அங்கே வைக்காதீர்கள். அது வைத்து, தோல் வெந்து, நடக்க முடியாமல் வந்தவருக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டெராய்டு களிம்பும் வேண்டாம். கிள்ளுவதும், அதன் மேல் ஷேவ் செய்வதும் மருவைப் பரப்பும். தண்ணீரில் கழுவினால் போதும். எப்போது பார்த்தீர்கள், என்ன தடவினீர்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். சீட்டு போடும் இடத்தில் விவரம் சொல்லத் தேவையில்லை, "டாக்டரிடம் தனியாகப் பேசணும்" என்றால் போதும். பெண் டாக்டர் வேண்டும் என்றோ ஆண் டாக்டர் வேண்டும் என்றோ தயங்காமல் கேட்கலாம்.

மருதான் என்று தெரிந்தால் களிம்பு, உறைய வைப்பது, சுட்டு எடுப்பது என்று வழிகள் உண்டு. துணைவரையும் அழைத்து வாருங்கள். ஆணுறை தொற்றைக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோல் வழியாக ஒட்டலாம். பெண்கள் வழக்கமான கருப்பைவாய்ப் பரிசோதனையை விட வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு முதல் 3 மாதத்தில் மரு திரும்ப வருவது சகஜம். வந்தால் முடிந்தவரை அதே டாக்டரிடம் போங்கள், முன்பு எது கேட்டது, எது கேட்கவில்லை என்பது அவர் குறிப்பில் இருக்கும்.