சேற்றுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று: முதல் பூட்ஸ் வாங்குபவர்களுக்கு

பூட்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். பனியில் நடந்துகொண்டே பேசுவார்கள். இங்கே காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வடசென்னைத் தண்டையார்பேட்டைக்காரனான எனக்கு வேட்டையெல்லாம் பைனாகுலரோடு சரி. ஞாயிறு விடிந்தால் எண்ணூர் முகத்துவாரம், பனிக்காலத்தில் பழவேற்காட்டுப் பூநாரைகள், எப்போதாவது ஆந்திராவின் நாகலாபுரம் மலை ஓடை. ஆனால் சேறு, தண்ணீர், முள், பாறை என்று அந்த வேட்டைக்காரர்கள் படும் பாடும் நான் படும் பாடும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அந்த வீடியோக்களை நம்பினேன்.

"தடித்த கம்பளி சாக்ஸுக்கு இடம் வேண்டும், ஒரு சைஸ் பெரிதாக வாங்கு" என்றார் ஒருவர். அப்படியே ஒரு கம்பூட்ஸ் (தண்ணீர் புகாத, முழங்கால் உயர ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பூட்ஸ்) வாங்கிக்கொண்டு எண்ணூரில் இறங்கினேன். மூன்றாவது அடியில் கால் மேலே வந்தது, பூட்ஸ் வரவில்லை. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா தம்பி, அத்த அங்கியே உட்டுட்டு வெறுங்கால்ல வா" என்றார். எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சிப்பி ஓடு குதிகாலைக் கிழித்துவிட்டது.

குளிர் நாட்டுக்காரருக்குக் கால் விறைப்பதுதான் பயம். நமக்கோ பூட்ஸுக்குள் கால் அவிந்துபோவதுதான் தொல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

முதல் படி: தண்ணீர் எதுவரை வரும்?

கணுக்கால் அளவு தண்ணீர், வழவழ சேறு, மழைக்காலத் தெரு என்றால் முழங்கால் உயர கம்பூட்ஸ். வியாசர்பாடி, புளியந்தோப்பில் தெருவில் தேங்கும் தண்ணீரில் இறங்க வேண்டியவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே போதும், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உள்ளே போய்விடும். புல்லிலும் புதரிலும் கண்ணாடி விரியன் இருக்கக்கூடிய இடங்களிலும் இந்த உயரம் ஒரு தைரியம்.

ஓடையில் முழங்காலுக்கு மேல் இறங்கி ஏறப் போகிறீர்கள் என்றால் கதையே வேறு. கம்பூட்ஸுக்குள் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் இரண்டு குடத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதுபோல ஆகிவிடும். அங்கே தண்ணீரைத் தடுப்பதைவிட வெளியே விடுவதுதான் முக்கியம். அமெரிக்க ராணுவம் வியட்நாம் போரில் கொடுத்த காட்டு பூட்ஸில் மேல்பாகம் கேன்வாஸ். உள்ளே போன தண்ணீர் வடிய, பாதத்தின் வளைவு ஓரத்தில் துளை வைத்திருந்தார்கள். நாகலாபுரத்துக்கோ தடா அருவிக்கோ போகிறவர்கள் அதே யோசனையில் வலைத்துணி ஷூ வாங்கினால் போதும்.

முழங்கால் வரை புதைகிற சேறா? அதற்குப் பூட்ஸே கிடையாது. திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எதனால் செய்தது?

கம்பூட்ஸில் இரண்டு வகை உண்டு. பிவிசி என்கிற பிளாஸ்டிக் மலிவு; தொடங்குபவருக்கு அதுவே போதும். ரப்பர் மிருதுவாக வளையும், வழுக்கலில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை கூட. சாதாரண ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. பட்டால் ஊறி உப்பிவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகமெங்கும் எண்ணெய் பரவியது நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவர்கள் பிவிசியோ, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரோ பார்த்து வாங்குவது நல்லது.

"தண்ணீர் புகாது, ஆனால் காற்றுப் போகும்" என்று விற்கும் மெல்லிய சவ்வு வைத்த ஷூக்களுக்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் வியர்வை ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உலர்ந்திருக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்று எப்போது உலர்ந்திருந்தது? பெட்டியில் 400 கிராம், 800 கிராம் என்று போட்டிருந்தால் அது ஷூவின் எடை அல்ல. உள்ளே வைத்த குளிர்காப்புப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு. இமயமலை போகிறீர்கள் என்றால் பாருங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

மணலிப் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் போடும் இரும்பு முனை ஷூவை மலையேறவும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 15298 (பகுதி 2) முத்திரை போட்ட பாதுகாப்பு ஷூவின் முனை 200 ஜூல் அடியைத் தாங்கும். கல் விழும் இடத்துக்கு அருமையான காலணி. ஆனால் இறக்கத்தில் விரல்கள் அந்த இரும்பில் போய் இடித்துக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

மூன்றாம் படி: திருப்பிப் பார்ப்பது

சோலின் அடியில் புடைத்திருக்கும் கட்டைகள் ஆழமாகவும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருந்தால் சேறு தானாக உதிரும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பி, பத்தே அடியில் சோல் வழவழப்பாகிவிடும். பாசி படிந்த பாறைக்கு ஆழத்தைவிட மென்மைதான் முக்கியம். கட்டைவிரல் நகத்தால் சோலை அழுத்துங்கள். கொஞ்சமாவது அமுங்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி மாதிரி கெட்டியாக இருந்தால் பாறையில் வழுக்கும்.

அப்புறம் சோலும் மேல்பாகமும் சேரும் இடம். 1912இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் அடியில் ரப்பரும் மேலே தோலும் வைத்துத் தைத்த வேட்டை பூட்ஸை விற்றார். முதல் 100 ஜோடியில் 90 திரும்பி வந்தன. இரண்டும் சேரும் தையலில் பிய்ந்துவிட்டதாம். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரிசெய்து மறுபடி விற்றார். நம் ஊர்க் கடையில் பணம் திரும்பி வருவது கஷ்டம், அதனால் அந்த இடத்தை வாங்கும் முன்பே வளைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: போட்டுப் பார்ப்பது

பாரிமுனை சந்துகளோ பெரியமேடோ, சாயங்காலம் போங்கள். நாளெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. வெளியே போகும்போது போடும் அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு காலிலும் போட்டு லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸைக் கட்டிக்கொண்டு கடைப் படியில் இறங்குங்கள். விரல் முன்னால் இடித்தால் அடுத்த சைஸ்.

கம்பூட்ஸுக்கு ஒரு சோதனை கூடுதல். நண்பரை விட்டு உங்கள் பூட்ஸ் முனையை மிதிக்கச் சொல்லி, காலைத் தூக்குங்கள். கால் சுலபமாகக் கழன்று வந்தால் சேற்றிலும் அதேதான் நடக்கும். இதைச் செய்யும்போது கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

லேஸ் ஷூ என்றால் முதல் வாரம் காய்கறி வாங்கப் போகும்போது போட்டுப் பழகுங்கள். உப்புத் தண்ணீரில் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். மொட்டை மாடி வெயில் தோலையும் பசையையும் கெடுக்கும்.

ஷூவைப் பரணில் பத்திரப்படுத்துவதுதான் பெரிய தவறு. பியூ என்கிற பாலியூரிதேன் சோல், போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே சிதையும். நான் நான்கு வருடம் பொத்திவைத்த ஜோடி நாகலாபுரத்தில் ஓடையைத் தாண்டும்போது பழைய கேக் மாதிரி உதிர்ந்தது. மாதம் ஒரு தடவையாவது போட்டு நடங்கள். கிளம்பும் முந்தின நாள் சோலைக் கையால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் பசை போட்டு ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். மேல்பாகம் திடமாக இருந்தால் புது ரப்பர் சோல் வைத்துத் தைக்க முடியுமா என்று தெருமுனையில் செருப்புத் தைப்பவரைக் கேளுங்கள்.