டெல்லிக்குப் பீரங்கி எட்டா, ஆறா?

மும்பையில் தமிழ் மலர்களுக்கும் இதழ்களுக்கும் கடற்படைக் கட்டுரை திருத்தப் புதிதாக வருகிறவர்கள் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் பழைய ஐ.என்.எஸ். டெல்லிதான். இரண்டாம் உலகப் போரில் அக்கிலிஸ் என்ற பெயரில் சண்டையிட்டு, பிறகு இந்தியா வாங்கிய குரூசர் வகைப் போர்க்கப்பல் அது. இந்த ஊரில் அதை எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. கொலாபாவிலோ செம்பூரிலோ அதில் பணியாற்றியவரின் பிள்ளை யாராவது இருப்பார். பிழையைக் கண்டால் தொலைபேசியை எடுத்துவிடுவார்.

ஒற்றும் எழுத்துப்பிழையும் மெய்ப்புப் பார்ப்பவர் பாடு. இங்கே பேசுவது தகவல் பிழைகளைப் பற்றி மட்டும்.

கட்டிய நாள் அட்டவணையை வாங்கிய நாளுக்கு ஒட்டுவது

"எட்டுப் பீரங்கிகளுடன் 1948 செப்டம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தது." இந்த வாக்கியம் சாகவே மாட்டேன் என்கிறது.

1932இல் நீரில் இறங்கியபோது டரட் எனப்படும் சுழலும் பீரங்கிக் கூடு நான்கு, கூட்டுக்கு இரண்டாக ஆறங்குலப் பீரங்கி எட்டு. 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் ரிவர் பிளேட் முகத்துவாரத்துக்கு அப்பால் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ போர்க்கப்பலோடு மோதியபோதும் எட்டுதான். 1943 ஜனவரி 5, சாலமன் தீவுகள் அருகே ஜப்பானிய விமானக் குண்டு பின்பக்கத்து இரண்டு டரட்டில் எக்ஸ் எனப்படும் ஒன்றைச் சிதைத்தது. 13 பேர் இறந்தார்கள். பிறகு போர்ட்ஸ்மவுத்தில் பழுதுபார்த்தபோது அந்த டரட்டையே எடுத்துவிட்டார்கள். ஆக, இந்தியா வாங்கிய கப்பலில் இருந்தவை ஆறு. 1961இல் போர்ச்சுகீசியர் வசமிருந்த டையூவில் சுட்டபோதும் ஆறு.

இது ஏன் தப்பிப் போகிறது? எழுதியவர் எட்டை எடுத்தது கட்டுமானகால விவரப் பெட்டியிலிருந்து. திருத்துபவரும் அதே பெட்டியைப் புரட்டி, "சரி" என்று டிக் போடுகிறார். ஒரே ஊற்றில் இரண்டு முறை மொண்டால் அது சரிபார்ப்பு ஆகாது. லேஅவுட் முடிந்தபின் எட்டு என்பது உடல் பகுதியில், பெட்டியில், வரைபடத்தில், படக்குறிப்பில் என்று பரவியிருக்கும். ஒரு மலரில் உடல் பகுதியில் மட்டும் ஆறாக்கிவிட்டு, வரைபடத்தில் நான்கு டரட்டை அப்படியே விட்டார்கள். அந்தப் பாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், மறுபடி அச்சேறியது.

படிக்க உட்காருமுன் ஒரு தாளில் நான்கு பத்தி கோடு போடுங்கள்: தேதி, பெயர், எந்த நாட்டுக் கடற்படை, பீரங்கி. 1933, 1939, 1941, 1943, 1948, 1950, 1961, 1978 என்று வரிசை எழுதுங்கள். கட்டுரையில் எண் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் வரிசை எண்ணைக் குறியுங்கள். எந்த வரிசையிலும் உட்காராத வாக்கியம் எழுதியவருக்கே திரும்பட்டும்.

பெயர்ப் பத்தியும் இதே தாளில் நேராகிவிடும். போரின்போது கப்பல் நியூசிலாந்தின் பொறுப்பில் இருந்தது; ஆனால் நியூசிலாந்து அரச கடற்படை உருவானது 1941 அக்டோபர் 1. எனவே ரிவர் பிளேட்டில் அது எச்.எம்.எஸ். (பிரிட்டிஷ் கடற்படை முன்னொட்டு) அக்கிலிஸ், எச்.எம்.என்.இசட்.எஸ். (நியூசிலாந்து முன்னொட்டு) அல்ல. 1948இல் அது எச்.எம்.ஐ.எஸ். (குடியரசுக்கு முந்தைய இந்திய முன்னொட்டு) டெல்லி. ஐ.என்.எஸ். ஆனது 1950 குடியரசு நாளில்.

வேறொரு டெல்லி

பிரிட்டனிடமும் டெல்லி என்றொரு குரூசர் இருந்தது. 1918இல் நீரில் இறங்கி, வம்புக்கென்றே 1948இல் உடைக்க விற்கப்பட்டது. போர்க்காலத்தில் அமெரிக்காவில் ஐந்தங்குலப் பீரங்கி பொருத்தப்பட்ட கப்பல் அது. கட்டுரையில் "ஐந்தங்குலம்" தென்பட்டால் ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது.

படம்

1956இல் வந்த ஒரு திரைப்படத்தில் நம் டெல்லியே அக்கிலிஸாக நடித்தது. அந்தக் காட்சி 1939 புகைப்படம் என்ற பெயரில் உங்கள் மேஜைக்கு வரலாம். பின்பக்கம் எத்தனை டரட் என்று எண்ணுங்கள்: ஒன்றே இருந்தால் அது 1939 அல்ல. அக்கிலிஸுக்குப் புகைபோக்கி ஒன்றுதான்; இரண்டு இருந்தால் அது அக்கிலிஸே அல்ல.

வேகம்

"மணிக்கு 32.5 நாட்" என்பதில் "மணிக்கு" வேண்டாம்; நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல். கிலோமீட்டரில் அது மணிக்கு 60. 52 என்று இருந்தால் கடல் மைலுக்குப் பதில் தரை மைலால் பெருக்கியிருக்கிறார்கள்.

டன்

கப்பலின் எடையைச் சொல்லும்போது, எரிபொருளும் வெடிபொருளும் ஏற்றிய முழுச் சுமையா, இல்லையா என்று சொல்லாத எண்ணை அடித்துவிடுங்கள்.

"ஆக்லாந்தில் கப்பலைப் பார்க்கலாம்"

பார்க்க முடியாது. 1978இல் ஓய்வு பெற்றபின் உடைத்துவிட்டார்கள். அங்கே டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் நிற்பது அதன் ஒரு டரட்.