வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பகல் கொசுவிடம் கவனம்

குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குப் போனால் பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஃபிரிட்ஜின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஐஸ் உருகி வடியும் தண்ணீர் அங்கே ஒரு தட்டில் தேங்கும். பல வீடுகளில் அதில் கொசுப்புழு நெளியும்.

முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருநாள் தட்டு, குடம், தொட்டி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு கொசு நீர்மட்டத்தை ஒட்டி உள்சுவரில் முட்டையிடும். காய்ந்து கிடந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பால்வெட்டு இல்லாத மழைநாட்களில் ரப்பர் மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். குனிந்து நிமிரும் இந்த வேலையெல்லாம் வீட்டுக்காரர் செய்யட்டும்.

இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். மதியம் சற்றுக் கண்ணயர்ந்தாலும் வலைக்குள் படுங்கள். கொசுவை விரட்டும் டீட் என்ற மருந்து கலந்த களிம்பை அட்டையில் சொன்னபடி தடவலாம், கர்ப்பிணிக்குக் கெடுதல் இல்லை.

காய்ச்சல் வந்தால் முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுங்கள். கைவசம் பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். பிரஷருக்காக டாக்டர் ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச்சாறு எதுவும் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்.

இனி சொல்வதை வீட்டிலுள்ள எல்லோரும் கேட்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் "சரியாகிவிட்டது" என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப்போகத் துடிப்பார்கள். டெங்குவில் ஆபத்தே அந்த ஒன்றிரண்டு நாளில்தான். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவ நாள் நெருங்கியிருந்தால் காய்ச்சலோடு வீட்டில் இருக்கவே கூடாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம், தாயிடமிருந்து குழந்தைக்கும் டெங்கு தொற்றலாம்.

அப்புறம் ஜிகா, இதே கொசு பரப்பும் இன்னொரு வைரஸ். 2021 ஜூலையில் கேரளத்தில் முதலில் உறுதியானது நம் எல்லையை அடுத்த பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்குத்தான். பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. ஆனால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம், அதுவும் முதல் மூன்று மாதங்களில் அதிகம். தாம்பத்திய உறவிலும் பரவும். ஜிகா பரவிய ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்த கணவர் பிரசவம் வரைக்கும் ஆணுறை போட வேண்டும். இதை நான் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தே சொல்வேன். எந்த ஊருக்குப் போய்வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அடுத்தடுத்த ஸ்கேன்களில் குழந்தையின் தலை அளவைத் தொடர்ந்து கவனிப்பார்கள்.