பழைய பைக் வாங்குறவங்க எஃப்.சி. விஷயத்துல பண்ற தப்புங்க

தர்மபுரில பைக் பட்டறை வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா போதும், பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரைன்னு எங்கிருந்தாவது ரெண்டு பசங்க ஒரு பழைய ஸ்ப்ளெண்டரையோ ஆர்எக்ஸ் 100-ஐயோ ஓட்டிட்டு வந்து "ணா, இஞ்சின் சவுண்ட் எப்டி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க, அட்வான்ஸ் குடுத்துட்டேன்"ம்பாங்க. அட்வான்ஸ் குடுத்தப்புறம் சவுண்ட் கேட்டு என்னடா பண்றது. ஆயில் ஒழுகல், டயர், செயின் இதெல்லாம் கண்ணு இருக்குறவன் பாத்துக்குவான், அத விட்டுர்றேன். பேப்பர்ல விழுற அடிதான் பெருசு.

வருஷா வருஷம் எஃப்.சி. இருக்கும்னு நெனைக்கிறது

எஃப்.சி.ன்னா வண்டி ரோட்ல ஓடத் தகுதியா இருக்குன்னு குடுக்குற ஃபிட்னஸ் சர்டிபிகேட். லாரி, ஆட்டோ மாதிரி சொந்த பைக்குக்கு அது அடிக்கடி கெடையாது. ரிஜிஸ்டர் ஆன நாள்ல இருந்து 15 வருஷம் ஆர்.சி., அதாவது ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட், செல்லும், அது முடியறப்போ ஃபார்ம் 25 போட்டு, வண்டிய ஆர்.டி.ஓ ஆபீஸ்ல நிறுத்தி, பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து ஓகே சொன்னா 5 வருஷம் நீட்டிச்சுக் குடுப்பாங்க, அப்புறம் மறுபடி 5 வருஷத்துக்கு ஒருக்கா. பைக்குக்கு எஃப்.சி.ன்னு சொல்றது இதத்தான். அப்ப 2004 வண்டின்னா 2019 வாக்குல ஒரு தடவ, 2024 வாக்குல ஒரு தடவ இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டிருக்கணும். மொத்த சரித்திரமே அந்த ரெண்டு தேதிதான், அதக்கூட கேக்க மாட்டேங்குறாங்க.

"எஃப்.சி. அப்புறம் காட்டிக்கலாம் தம்பி"

இந்த ஒரு வார்த்தையக் கேட்டாலே எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருத்தன், காலேஜ் முடிச்சு ஓசூர்ல வேல கெடச்சிருக்கு, 2008 ஸ்ப்ளெண்டர் ஒன்னு மார்க்கெட்ட விட ஏழாயிரம் கம்மின்னு வாங்கிட்டான். வித்த புரோக்கர் ஒன்னும் மறைக்கல, "ஆர்.சி. தேதி முடிஞ்சிருக்கு, அதான் ரேட் கம்மி, ரெண்டு நாள் வேலப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கான். 2008 வண்டிக்கு 2023-லயே ஆயுசு முடிஞ்சு போச்சு. 2022 ஏப்ரல்ல இருந்து டூவீலர் ஆர்.சி. ரினியூவலுக்கு 1000 ரூபா, லேட் ஆனா மாசத்துக்கு 300 ரூபா சேந்துக்கிட்டே போகும். மூணு வருஷம் சும்மா கெடந்துச்சுன்னா 36 மாசம், 10,800 ரூபா, அதுக்கு மேல பசுமை வரி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட். இதுல பேரம் பேசவும் வழியில்ல, கம்ப்யூட்டரே கூட்டிப் போட்டுக் காட்டிரும். ஏழாயிரம் மிச்சம்னு வாங்குன வண்டி!

பணத்தோட போயிருந்தா பரவால்லைன்னு சொல்லலாம். ஆர்.சி. செத்துக் கெடக்குறப்போ பேர் மாத்த முடியாது, மொதல்ல ரினியூவல் முடியணும். ரினியூவல் பண்ணலாம்னு போனா ஓ.டி.பி. பழைய ஓனர் போனுக்குப் போகுது, அவரு பெங்களூர்ல எங்கியோ இருக்காரு, நம்பரும் மாறிப்போச்சு, நடுவுல ரெண்டு கை மாறியிருக்கு, அந்த ரெண்டு பேரும் பேர் மாத்தவே இல்ல, பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30-ல வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு ஓட்டியிருக்காங்க. எப்டியோ ஆளப் புடிச்சு, வண்டிய இன்ஸ்பெக்ஷனுக்கு நிறுத்துனா ஃப்ரேம்ல அடிச்சிருக்குற சேஸ் நம்பர் தெரியல. புரோக்கர் பளபளன்னு இருக்கட்டும்னு ஃப்ரேம மணல் அடிச்சு பவுடர் கோட்டிங் போட்டதுல நம்பர் பாதி மூடிக்கிச்சு. இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிட்டாரு, அவரு மேல தப்பே சொல்ல முடியாது, நம்பர் தெரியாத வண்டிக்கு யாரு கையெழுத்து போடுவா. அந்தப் பையன் கெமிக்கல் போட்டு பெயிண்ட சுரண்டி எடுத்து மறுபடி லீவு போட்டுட்டு அலைஞ்சான்.

நான் சொல்றது ரெண்டே வேலதான். அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர நீங்களே அடிங்க, வித்தவன் வாட்ஸப்ல அனுப்புற ஸ்க்ரீன்ஷாட் வேணாம். ரிஜிஸ்ட்ரேஷன் தேதி, ஃபிட்னஸ் எது வரைக்கும், எத்தனாவது ஓனர், லோன் பாக்கி காட்டுதா, எல்லாம் அதுலயே வரும். அடுத்தது ஹேண்டில் கழுத்துல இருக்குற சேஸ் நம்பர் மேல பேப்பர வச்சு பென்சில்ல தேச்சு அச்சு எடுங்க, ஆர்.சி.யோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேல. தேதி முடிஞ்ச வண்டிதான் வேணும்னு அடம் புடிச்சா, வித்தவனே ரினியூவல் முடிச்சுக் குடுக்கட்டும், அதுக்கப்புறம் பணம். முடியாதுன்னு சொன்னா ஏன் முடியாதுங்குறதுக்கு ஒரு காரணம் இருக்கும், அது உங்க தலைல விழ வேணாம். தேதி முடிய 60 நாள் இருக்குறப்பவே ரினியூவலுக்குப் போடலாம், அப்ப முடிய விட்டவன் சோம்பேறியா இருக்கணும், இல்லாட்டி வண்டிய நிறுத்திக் காட்டப் பயந்திருக்கணும்.

20 வருஷம் தாண்டுனதுக்கும் அதே ஃபீஸ்னு நெனைக்கிறது

20 வருஷம் தாண்டுன பைக்குக்கு ரினியூவல் ஃபீஸ் 2025 ஆகஸ்ட்ல இருந்து 2000 ரூபா.

ஆர்எக்ஸ் மோகம்

ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-ல, நிறுத்துனது 1996-ல. கடைசி வருஷத்து வண்டின்னாலும் இந்நேரம் மூணு தடவ இன்ஸ்பெக்ஷன் தாண்டியிருக்கணும். இதுல நெறைய வண்டிக்குள்ள 98 சிசி இஞ்சினுக்குப் பதிலா ஆர்எக்ஸ் 135-ஓட 132 சிசி இஞ்சின் உக்காந்திருக்கும், ஆர்.சி.ல ஏறியிருக்காது. பசங்க "பவர் சூப்பர்ணா"ன்னு குதிப்பாங்க. சேஸ் நம்பர் மாதிரியே இஞ்சின் நம்பரையும் பாருங்கடா. இன்னொன்னு, ஆர்.சி.ல பேரு இருக்குற பெரியவரு உயிரோட இருக்காரான்னு கேளுங்க. இல்லைன்னா ஃபார்ம் 31, வாரிசு சர்டிபிகேட்னு அது தனி ரூட்டு.

புகை சர்டிபிகேட்ட பேப்பராப் பாக்குறது

2000-க்கு அப்புறம் வந்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4500 வரைக்கும்தான் பாஸ். பழைய சர்டிபிகேட் இருந்தாலும் கண்ணு முன்னாடி ஒருக்கா அடிச்சுப் பாருங்க. ஹைட்ரோகார்பன் எகிறி நின்னா பிஸ்டன் ரிங்கு, வால்வு பக்கம் சந்தேகப்படணும்.

சலான் பாக்காதது

வண்டி மேல போலீஸ் போட்ட அபராதம் பாக்கி இருக்கான்னு பாருங்க. இருந்தா பேர் மாத்துறப்போ மொளைக்கும்.

கே.ஏ. வண்டி

கே.ஏ.ன்னா கர்நாடகா நம்பர். பார்டர்ல அத்திப்பள்ளி தாண்டுனா ரேட் கம்மின்னு ஓசூர், தேன்கனிக்கோட்டை பசங்க நெறையப் பேரு போறாங்க. வேற ஊருக்கு மாத்திக்க ஆட்சேபணை இல்லைன்னு அங்க குடுக்குற ஃபார்ம் 28 என்.ஓ.சி. உங்க ஆர்.டி.ஓ ஆபீஸ் பேருக்கு வந்திருக்கணும், ஓசூர்னா டி.என். 70, கிருஷ்ணகிரி 24, நமக்கு 29. வந்து 12 மாசத்துக்குள்ள இங்க நம்பர் மாத்தணும், இங்க வரியும் கட்டணும், அதையும் வெலையோட கூட்டிப் பாத்துட்டு அப்புறம் பஸ் ஏறுங்க. அங்கியே ஆர்.சி. தேதி முடிஞ்ச வண்டின்னா பஸ் டிக்கெட் காசாச்சும் மிச்சமாகட்டும்.