லேப்டாப் திரையை நானே மாற்றினேன்
திரையில் விரிசல் விழுந்ததும் முதலில் வெளி மானிட்டரை இணைத்துப் பார்த்தேன். அதில் படம் தெளிவாக வந்தது. சரி, பழுது பேனலில்தான், அதாவது படம் காட்டும் திரைத் தகட்டில்தான். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் நம்பிப் புதுப் பேனல் வாங்காதீர்கள். ஒரே மாடலில், கேபிள் மாட்டும் இடத்தில் 30 பின்கள் (சிறு உலோக முனைகள்) உள்ள பேனலும் வரும், 40 பின்கள் உள்ளதும் வரும். பழையதைக் கழற்றி, அதன் பின்புறம் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தே வாங்கினேன்.

பேட்டரி இணைப்பை எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். திரையைச் சுற்றியுள்ள சட்டம் எனக்குச் சுலபமாக வந்துவிட்டது. நிதானம் வேண்டியது பேனலின் பின்புறம் மாட்டியிருக்கும் கேபிளில்தான்: டேப்பை மெல்ல உரித்து, சின்னக் கம்பிப் பூட்டைத் தூக்கிவிட்டு, பேனலை ஒட்டினாற்போல் நேராக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பின்கள் வளைந்துவிடும். புதியதை மாட்டி, பேட்டரியை இணைத்து, ஆன் செய்து பார்த்தேன். வெளிச்சம் சீராக இருந்தது. அப்புறம்தான் சட்டத்தை மூடினேன்.